தெரிவும் விளைவும்: ‘ஃபோல்அவுட் 4’ பற்றிய ஒரு நோக்கு

ஒரு கலைப்படைப்பின் தகுதியை அதன் விற்பனையைக் கொண்டு அளவிடலாகாது என்பது விமர்சனத்தின் பாலபாடம். கணினி விளையாட்டுகளைப் பற்றிய எழுத்துகளிற் பெரும்பாலானவை இப்பாடத்தை மறந்து நிற்கின்றன. பெதெஸ்டா நிறுவனம் 2015 நவம்பரில் வெளியிட்ட ‘ஃபோல்அவுட் 4’ முதல் 24 மணித்தியாலத்துள் 1 கோடி 20 இலட்சம் பிரதிகள் விற்பனைக்கு அனுப்பப்பட்டதென அந்நிறுவனம் அறிவித்தது. இத்துணைப் பரவலாக ஆடப்பட்ட படைப்பொன்று, தான் சார்ந்த வடிவத்தின் உயிர்நிலையையே எவ்வாறு நலிவுறச் செய்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாத்திரமேற்பு விளையாட்டு எனும் வடிவத்தின் தனித்தன்மை யாது? நாவலிலும் நாடகத்திலும் முடிவெடுப்பது பாத்திரம். நாம் அதற்குச் சாட்சிகள். இவ்வடிவத்திலோ ஆடுபவரே முடிவெடுக்கிறார். விளைவையும் அவரே சுமக்கிறார். ஆதலின் இங்கு தெரிவு என்பது புறத்தே சேர்க்கப்பட்ட அலங்காரமன்று. உள்ளடக்கத்தைத் தாங்கி நிற்கும் உருவமே அதுதான்.

இத்தொடரின் முதற் படைப்பான ‘ஃபோல்அவுட்’ (1997) இதனை நன்குணர்ந்திருந்தது. அணுவாயுதப் போரின் பின் நிலத்தடியில் வாழும் மக்களின் நீர்ச் சுத்திகரிப்புப் பொறி பழுதடைகிறது. மாற்றுப் பாகத்தைத் தேடிக் கொணர்வதற்கு 150 நாட்களே உள்ளன. வீணே அலைந்து நாட்களைக் கழித்தால் மக்கள் மடிவர், ஆட்டமும் முடியும். கதையின் அவசரமும் ஆட்டத்தின் விதியும் ஒன்றாக இருந்தன. மனிதரை வலிந்து புதியதோர் இனமாக மாற்ற முனையும் எதிரியையும் ஆயுதத்தால் மட்டுமே வெல்ல வேண்டியதில்லை. அப்புதிய இனம் மகப்பேறற்றது என்பதற்கான சான்றைத் தேடிப் பெற்றவர், அதனை அவன் முன் வைத்து வாதிடலாம். தன் கனவு பொய்யென உணரும் அவன் தன்னையே அழித்துக்கொள்கிறான். அறிவும் சொல்லும் அங்கு செயலாயின.

‘ஃபோல்அவுட் 4’இன் தொடக்கம் இதனினும் வலியது. 2077இல் அணுகுண்டு வீழும் வேளையில் பொஸ்டன் நகருக்கு அருகே வாழும் குடும்பமொன்று நிலத்தடிக் காப்பறையுட் புகுந்து உறைநிலையில் வைக்கப்படுகிறது. வாழ்க்கைத்துணை கொல்லப்படுவதையும் கைக்குழந்தை ஷோன் பறிக்கப்படுவதையும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து காணும் கதைத்தலைவர் 2287இல் வெளியேறுகிறார். பெற்ற பிள்ளையைத் தேடுவதே இனி அவர் வாழ்வு. ஆனால் ஆட்டத்தின் அமைப்போ அவரை வீடு கட்டவும், பழைய பொருள்களைப் பொறுக்கிச் சேர்க்கவும் அழைக்கிறது. பிரஸ்டன் கார்வி எனும் பாத்திரம், ஒரு குடியிருப்பைக் காத்து முடித்தவுடன் மற்றொரு குடியிருப்பின் இடரைக் கூறி அனுப்புகிறது, இவ்வேவலுக்கு முடிவேயில்லை. எத்தனை மாதம் அலைந்தாலும் ஷோனுக்கு ஒன்றும் நேர்வதில்லை. பெற்றவரின் தவிப்பைக் கதை கூறுகிறது. அத்தவிப்புக்கு இடமில்லை என்பதை அமைப்புக் கூறுகிறது.

உரையாடலின் நிலை இதனினும் கவலைக்குரியது. எதற்கும் நான்கு மறுமொழிகளே காட்டப்படுகின்றன. அவையும் ஓரிரு சொற்களில் அமைந்த சுருக்கங்கள். தெரிந்தபின்னரே முழு வாக்கியம் இன்னதென்று தெரியவருகிறது. பல இடங்களில் அந்நான்கும் ஒரே இணக்கத்தின் நான்கு தொனிகளாகவே உள்ளன. இதற்கான காரணங்களுள் ஒன்று உற்பத்தி முறையிலேயே உண்டு. கதைத்தலைவருக்கு ஆண்குரலும் பெண்குரலும் வழங்கப்பட்டமையால் ஒவ்வொரு வாக்கியமும் இருமுறை பதிவு செய்யப்படல் வேண்டும். கிளைக்கும் ஒவ்வொரு பேச்சும் செலவைப் பெருக்கும். 1997இல் அறிவு குன்றிய பாத்திரத்தை அமைத்தவருக்கு அதற்கேற்ற குழறற் பேச்சே கிடைத்தது. இங்கு எவரை அமைப்பினும் பேசுபவர் ஒருவரே.

கதையின் மையத்தில் அரிஸ்டோட்டில் வியந்திருக்கக்கூடிய ‘அறிதல்’ ஒன்றுண்டு. தேடப்பட்ட குழந்தை இப்போது அறுபது வயது முதியவர். மக்களைக் கவர்ந்து சென்று, அவர்களிடத்தில் ‘சிந்த்’ எனும் செயற்கை மனிதரை வைக்கும் இன்ஸ்டிடியூட்டின் தலைவர். மகன் பெற்றவரிலும் முதியவனாய் நிற்கும் இக்காட்சி அரியதொரு கற்பனை. ஆனால் ஈடிப்பஸின் அறிதல் அவனது உலகையே தலைகீழாக்கியது. இங்கோ அடுத்த பணியைத் தொடக்கி வைப்பதோடு அது அமைகிறது. இக்கொடுமை ஏன் என்று பெற்றவர் வினவ, நிறைவான விடை எதுவும் மகனிடமிருந்து வருவதில்லை.

முடிவில் நான்கு அணிகளுள் ஒன்றைச் சார வேண்டும். அவற்றுள் மூன்றின் வழியே சென்றால் இன்ஸ்டிடியூட் அணுவெடிப்பால் அழிக்கப்படுகிறது. அணுகுண்டால் அனைத்தையும் இழந்தவர் தம் கையாலேயே மற்றொன்றை வெடிக்கச் செய்கிறார். அது வெற்றியாகவே கொள்ளப்படுகிறது. முதற் படைப்பு ஒவ்வோர் ஊரின் கதியையும் நம் செயலுக்கேற்பத் தனித்தனியே எடுத்துரைத்தது. இங்கு எவ்வழி சென்றாலும் ஏறத்தாழ ஒரே முடிவுரைதான். ஷோனின் சாயலில் ஆக்கப்பட்டு, நம்மையே பெற்றோரென நம்பும் ஒரு செயற்கைச் சிறுவனும் நம்மிடம் ஒப்படைக்கப்படுகிறான். மனிதன் என்பவன் யார் என்ற வினா உருப்பெற்று நம் எதிரே நிற்கும் இடம் இது. அச்சிறுவனோ சில உதிரிப்பாகங்களைக் கேட்கிறான்; கொடுத்தால், இறுதியில் ஓர் ஆயுதத்தைச் செய்து தருகிறான்.

மக்கள் நாடுவது பரந்த நிலத்தில் உலவும் இன்பமே, கதையன்று என வாதிடுவோர் உளர். அந்நிலப்பரப்பின் நேர்த்தியை எவரும் மறுக்கார். ஆனால் உலாவுதற்கு ஒரு கொலையும் களவுபோன குழந்தையும் தேவையில்லை. துயரைக் கடனாகப் பெற்று நம் மனத்தை ஈர்த்த படைப்பு அக்கடனைத் தீர்க்கக் கடமைப்பட்டதாகும். ஆற்றலின்மையும் காரணமன்று. 2016இல் வெளிவந்த ‘ஃபார் ஹார்பர்’ எனும் இதன் துணைப்பகுதி, கதைத்தலைவரே ஒரு செயற்கை மனிதராயிருக்கலாமோ என்ற ஐயத்தை எழுப்பி, மூன்று சமூகங்களின் கதியை ஆடுபவரின் தீர்ப்பிற்கு விட்டது. 2023இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்ஃபீல்ட்’ கதைத்தலைவரின் குரலைக் கைவிட்டு முழு வாக்கியங்களுக்கு மீண்டது. எனவே குறை உணரப்பட்டதென்றே கொள்ளலாம்.

எனினும் பேச்சைத் திருத்துவது மட்டும் போதாது. தெரிவுக்கு விளைவு வேண்டும். விளைவற்ற தெரிவு, கடையொன்றில் ஒரே பண்டத்தை நான்கு நிறங்களில் அடுக்கி வைப்பதை ஒத்தது. வாங்குபவருக்கு அது போதியதாகலாம். ஒரு பாத்திரத்தை ஏற்று அதன் பொறுப்பையும் ஏற்க முன்வந்தவருக்கு அது போதாது. இவ்வடிவத்தைக் கலையென மதிப்போர் கேட்கவேண்டியதும் இதுவே.