பழி வட்டின் மேல்

காலி டிவிடி ஒன்றைக் கணினியில் போட்டுக் கோப்புகளை அதற்குள் இழுத்து விட்டால் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: இந்த வட்டை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள்? விடைகள் இரண்டு. ஒன்று, பென் டிரைவ் போல. மற்றொன்று, சிடி அல்லது டிவிடி பிளேயரில் போடுவதற்கு. பென் டிரைவ் பழகிய பொருள். மேலே நிற்பதும் அந்த விடைதான். ஆகவே கை அங்கேதான் போகும். சற்று நேரம் ஃபார்மேட் ஓடும், கோப்புகள் ஏறும், கணினியில் திறந்து பார்த்தால் எல்லாம் இருக்கும். அதே வட்டை வீட்டு டிவிடி பிளேயரிலோ கார் ஸ்டீரியோவிலோ போட்டால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று காட்டும். வட்டு மட்டம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அந்த இடத்திலேயே வழக்கு முடிந்துவிடும்.

அந்த வழக்கை மறுவிசாரணைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. எழுதும் வட்டில் கோளாறு என்றால் கூண்டில் ஏறுபவை மூன்று: வட்டின் தரம், எழுதும் வேகம், டிரைவ். நான்காவதாக ஒன்று இருக்கிறது, ஃபார்மேட். அதன் மேல் யாருக்கும் சந்தேகமே எழுவதில்லை. நான் முதலில் விசாரிப்பது அதைத்தான்.

சிடி-ஆர் எப்படி இருக்க வேண்டும் என்று பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த 'ஆரஞ்சு புக்' விதிநூல் 1990இல் வந்தது. பாலிகார்பனேட் தட்டில் உள்ளிருந்து வெளியே சுற்றிச் செல்லும் ஒரே சுருள் பள்ளம். அதன் மேல் சாயப் பூச்சு. அதன் மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலம். எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு. லேசர் சூடு பட்ட இடத்தில் சாயம் மாறிவிடும். ஓலையில் எழுத்தாணி கீறியதைப் போல, அந்த மாற்றம் திரும்பாது. டிவிடி-ஆர், டிவிடி+ஆர் இரண்டிலும் சாயத்தின் கதை இதுதான்.

ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்கிறோம் என்றால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை அமைக்கிறோம். கோப்பு சேரும்போதும் அழியும்போதும் அந்த அட்டவணை திருத்தப்படும். திருத்தவே முடியாத ஒரு பரப்பில் திருத்தக்கூடிய அட்டவணை எப்படி அமையும்? யுடிஎஃப் என்னும் கோப்பு முறையின் 1.50ஆம் பதிப்பு இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. பழைய குறிப்பைத் திருத்துவதற்குப் பதில், புதிய குறிப்பைக் கடைசியாக எழுதிய இடத்துக்குப் பின்னால் எழுதிவிட்டு, "அந்த எண்ணைக் கேட்டால் இனி இங்கே பார்" என்று சொல்லும் மாற்று முகவரிப் பட்டியல் ஒன்றையும் சேர்த்துவிடுவது. படிக்கும் டிரைவ் வட்டின் கடைசியாக எழுதப்பட்ட செக்டாரைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து பட்டியலைக் கண்டுபிடித்து, பிறகுதான் கோப்புகளை அடைய வேண்டும்.

தந்திரம் அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் முழுப் பாரமும் அந்தக் கடைசி செக்டாரின் மேல் இறங்குகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ, ஒரு தவணை எழுத்தை, அதாவது செஷனை, மூடாமல் வட்டை வலுக்கட்டாயமாக வெளியே எடுத்தாலோ, கடைசி செக்டாரில் பட்டியல் இருக்காது. 4 ஜிபி தரவும் சாயத்தில் பதிந்து கிடக்கும். வட்டோ காலி என்று காட்டும். இந்த நிலையில் அதைக் குப்பையில் போடுவது அவசரம். எழுதிய அதே டிரைவில் போட்டு செஷனை மூடிப் பார்க்கலாம். முடியாவிட்டால் ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள் பட்டியலைப் பொருட்படுத்தாமல் செக்டார்களை நேராகத் துழாவும். விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டு நிற்கும்; அதற்கு மட்டும் சம்மதிக்கக் கூடாது.

இழப்பு இத்துடன் நிற்பதில்லை. ஒருமுறை எழுதும் வட்டில் கோப்பை 'அழித்தால்' பெயர் மறையும், இடம் திரும்பாது. சிடியில் முதல் செஷனை மூடுவதற்கே ஏறத்தாழ 22 எம்பி போகும், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 13 எம்பி. தினம் ஒரு சிறு ஆவணத்தைச் சேர்த்து மூடி மூடி எடுப்பவரின் வட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமலே நிறைந்துவிடும். இதையெல்லாம் விட, வீட்டு டிவிடி பிளேயர் எதிர்பார்ப்பது யுடிஎஃப் 1.02; எம்பி3 சிடி போடும் கார் ஸ்டீரியோ எதிர்பார்ப்பது 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660. விண்டோஸ் விஸ்டா முதல் 'பென் டிரைவ் போல' எழுதப்படுவது இயல்பாக யுடிஎஃப் 2.01. அந்தப் பிளேயர்கள் திகைத்து நிற்பதில் வியப்பு இல்லை. தொடக்கத்தில் சொன்ன வழக்கில் வட்டு நிரபராதி.

எழுதி அழிக்கும் வட்டுகளுக்கு இதே தீர்ப்பைச் சொல்வது நியாயமாகாது. சிடி-ஆர்டபிள்யூ, டிவிடி-ஆர்டபிள்யூ, டிவிடி+ஆர்டபிள்யூ மூன்றிலும் சாயம் கிடையாது. வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெலூரியம் கலந்த உலோகக் கலவை படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் மாறி மாறிப் போகும். ஆயிரம் முறை எழுதி அழிக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இங்கே ஃபார்மேட் என்பதற்குப் பொருள் உண்டு. அதற்கும் விலை உண்டு. சிடி-ஆர்டபிள்யூவில் 32 தரவுத் தொகுதிகளுக்கு 7 இணைப்புத் தொகுதிகள் வீணாகும். 650 எம்பி வட்டு 530 எம்பிக்குச் சுருங்கும். இடத்தைக் கடைக்காரர் திருடவில்லை. வட்டைப் பென் டிரைவ் போல எழுதவைத்த டைரக்ட்சிடி, இன்சிடி போன்ற மென்பொருள்கள் இருந்த காலத்தில் 2 எக்ஸ் வேகத்தில் முழு ஃபார்மேட் முடிய அரை மணிக்கு மேல் ஆகும். பின்னால் வந்த டிவிடி+ஆர்டபிள்யூ, பின்னணியில் ஃபார்மேட் ஆகிக்கொண்டே எழுதவும் விட்டது. அதன் மேல் புதிதாக எழுத அழிக்கவே தேவையில்லை. டிவிடி-ஆர்டபிள்யூவுக்கு வரிசையாக எழுதும் முறை, மேலெழுதும் முறை என இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் அமைந்த வட்டை மற்றதற்காகக் கேட்கும் மென்பொருள் முரண்டு பிடிக்கும். முழுதாக ஒருமுறை அழித்தால் சரியாகிவிடும். விரைவாக அழிப்பது என்பது தலைப்பகுதியை மட்டும் துடைப்பது. குழம்பிப்போன வட்டுக்கு அது போதாது.

பென் டிரைவ் போல நடந்துகொள்வேன் என்ற வாக்கை உண்மையில் காப்பாற்றிய வட்டு ஒன்று இருந்தது: டிவிடி-ராம். செக்டார்கள் தொழிற்சாலையிலேயே குறிக்கப்பட்டு வரும், கெட்ட இடங்களுக்கு மாற்று இடம் ஒதுக்கும் ஏற்பாடு உண்டு, லட்சம் முறை எழுதலாம் என்று கணக்கு. 1998இல் 2.6 ஜிபியில் தொடங்கி 4.7 ஜிபிக்கு வளர்ந்தது. ஆனால் பெரும்பாலான டிவிடி பிளேயர்கள் அதைப் படிக்கவில்லை, ஆகவே வாங்குபவர்களும் சீண்டவில்லை. நல்லது தோற்றது என்று புலம்ப வரவில்லை. வட்டை ஃபார்மேட் செய்ய வேண்டுமென்றால் வட்டையே அதற்காகப் படைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மற்ற மூவரும் நிரபராதிகள் என்று இதற்குப் பொருளில்லை.

வட்டின் தரத்தில் வேறுபாடு உண்டு. ஆனால் உறையில் உள்ள பெயரை வைத்து அதை அறிய முடியாது. ஒரே பிராண்டின் வட்டுகள் வெவ்வேறு தொழிற்சாலைகளிலிருந்து வரும். உண்மையான அடையாளம் வட்டிலேயே பதிந்திருக்கும் உற்பத்தியாளர் குறியீடு. இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருள் அதை ஒரு நொடியில் காட்டும். டிரைவும் அந்தக் குறியீட்டைத்தான் படிக்கிறது. லேசரை எவ்வளவு வலிமையோடு, எந்த அளவு துடிப்புகளாக வெட்டி வெட்டி அடிக்க வேண்டும் என்ற உத்தி, ஒவ்வொரு குறியீட்டுக்கும் தனித்தனியாக டிரைவின் ஃபர்ம்வேரில் இருக்கும். அறியாத குறியீடு வந்தால் டிரைவ் பொதுவான உத்தியைக் கொண்டு ஒப்பேற்றும். வட்டு நல்லது, டிரைவும் நல்லது, ஆனால் ஜோடி சேரவில்லை என்பது இப்படித்தான் நேர்கிறது. ஒரு கணினியில் எழுத மறுக்கும் வட்டுக் கட்டு பக்கத்து வீட்டுக் கணினியில் சரளமாக எழுதுவதற்கு மர்மம் ஏதுமில்லை.

வேகத்தைப் பற்றி நிலவும் நம்பிக்கை, எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்பது. பாதி உண்மை. 16 எக்ஸ் வட்டின் சாயம் அந்த வேகத்துக்கு அருகில் நன்றாக மாறும்படி தயாரிக்கப்பட்டது. அதை ஆக மெதுவாக எழுதுவதால் தரம் உயரும் என்ற உறுதி இல்லை. மறுபுறம், 16 எக்ஸ் என்ற எண் வட்டின் வெளி விளிம்பில் மட்டுமே எட்டப்படும். அங்கேதான் பிழைகளும் பெருகும். முழு டிவிடியை 16 எக்ஸில் எழுத ஆறு நிமிடம் ஆனால், 8 எக்ஸில் எட்டு ஒன்பது நிமிடம். இரண்டு மூன்று நிமிடத்துக்காக விளிம்பைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. வட்டின் உச்ச வேகத்தில் பாதி என்பதுதான் நான் ஏற்கும் விதி.

டிரைவின் மேல் பழி போடுமுன் அதற்கு மின்சாரம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். யுஎஸ்பி 2.0 சாக்கெட் ஒன்று தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். எழுதும் நேரத்தில் மெல்லிய வெளி டிரைவ் அதற்கு மேல் கேட்கும். பாதியில் நின்றுபோகும் பல பர்ன்களுக்கு மருந்து, இரண்டு சாக்கெட்டில் செருகும் கேபிள். பழைய எக்ஸ்பி கணினியில் இன்னொரு வம்பு: ஐடிஇ டிரைவில் ஆறு முறை பிழை வந்தால் விண்டோஸ் அதைத் தானாகவே மெதுவான பிஐஓ முறைக்கு இறக்கிவிடும், திரும்ப ஏற்றாது. வட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சேனலை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். தரவு வந்து சேராமல் லேசர் நின்று வட்டு பாழாவது மட்டும் இன்று அநேகமாக இல்லை. சான்யோ நிறுவனத்தின் பர்ன்-புரூஃப் நுட்பமும் அதை ஒட்டி வந்தவையும் 2000க்குப் பிறகு அந்தக் கதையை முடித்தன.

'பவர் கேலிபரேஷன்' பிழை என்று வந்தால் செய்தியைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு முறை எழுதுமுன்னும் டிரைவ் வட்டின் உள்ஓரத்தில் ஒதுக்கிய சிறு பகுதியில் லேசரைச் சோதித்துப் பார்க்கும். சிடி-ஆரில் அதற்கு நூறு சோதனைக்கு இடம் உண்டு. அந்தச் சோதனை தோற்றால்தான் இந்தப் பிழை. வேறு குறியீடுள்ள வட்டிலும் இதுவே வந்தால் லென்ஸில் தூசி அல்லது லேசர் களைத்துவிட்டது. வேறு வட்டில் வரவில்லை என்றால் முதல் வட்டுக் கட்டின் மேல் தாராளமாகப் பழி போடலாம்.

இடம் போதவில்லை என்ற புகாரையும் இங்கே தீர்த்துவிடலாம். 4.7 ஜிபி என்பது தசமக் கணக்கு. விண்டோஸ் அதை 4.37 என்று காட்டும். டிவிடி+ஆர், டிவிடி-ஆரைவிட ஏறத்தாழ 7 எம்பி சிறியது. விளிம்பு வரை நிரப்பிய இமேஜ், அதாவது முழு வட்டையும் ஒரே கோப்பாக்கிய நகல், ஒன்றில் அடங்கி மற்றதில் அடங்காமல் போவது இதனால்தான்.

விண்டோஸ் தரும் இரண்டாவது விடை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதும் மாஸ்டரிங் முறை. அதற்கு எதிராகவும் சொல்ல இருக்கிறது. எல்லாக் கோப்புகளையும் முன்பே திரட்ட வேண்டும், ஹார்டு டிஸ்க்கில் தற்காலிக இடம் வேண்டும், ஒரு சிறு திருத்தத்துக்கும் புது வட்டு வேண்டும். அவசரத்தில் ஒரே ஒரு ஆவணத்தைச் சேர்க்க வேண்டியவருக்கு இது தொல்லை. அந்தத் தொல்லையைப் போக்கத்தான் பென் டிரைவ் வாக்கு வந்தது. ஆனால் அந்தத் தேவைக்கு இன்று உண்மையான பென் டிரைவே சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. வட்டை ஒருவர் இன்றும் தேடிப் போகிறார் என்றால் மாற்றமுடியாத ஒரு பிரதி வேண்டும் என்பதற்காக. அந்த ஒரே பலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, வட்டுக்கு இல்லாத குணத்தை வட்டிடம் கேட்பது எந்தக் கணக்கிலும் தேறாது.

ஆகவே தீர்ப்பு இது. ஆர் என்று முடியும் வட்டை ஃபார்மேட் செய்யவே வேண்டாம். இரண்டாவது விடையைத் தேர்ந்து, ஒரே மூச்சில் பாதி வேகத்தில் எழுதி, வட்டை இறுதியாக மூடிவிடுங்கள். ஆர்டபிள்யூ வட்டைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள், காப்பகத்துக்கு வேண்டாம். எழுதி முடித்ததும் மென்பொருளின் சரிபார்ப்பை ஓடவிட்டு, பிறகு எழுதாத வேறொரு டிரைவில் போட்டுத் திறந்து பாருங்கள். எழுதிய டிரைவ் தன் எழுத்தைத் தானே படிப்பது சாட்சியாகாது. கோளாறு வந்தால் முதலில் ஃபார்மேட்டையும் செஷனையும் பாருங்கள், அடுத்து மின்சாரத்தையும் கேபிளையும், அதன் பிறகு வட்டின் குறியீட்டை, கடைசியாக லேசரை. செலவில்லாத சோதனை முதலில், டிரைவை மாற்றுவது கடைசியில்.

இந்த விசாரணைக்கு இனி நெடுநாள் அவகாசமும் இல்லை. எழுதும் வட்டுகளை உலகுக்கே தயாரித்துக் கொடுத்த நொய்டாவின் மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018இல் உத்தரவானது. ஜப்பானின் தையோ யூடன் 2015இல் விலகியது. எழுதும் புளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை பானசோனிக் 2023இலும் சோனி 2025 பிப்ரவரியிலும் நிறுத்தின. பெரும்பாலான புது மடிக்கணினிகளில் டிரைவுக்கு இடமே இல்லை. கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் எழுதிக்கொடுத்த டிவிடி வீட்டில் இருந்தால், படிக்கும் டிரைவ் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே அதை முழு இமேஜாக ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள்.