பஞ்சக் கும்மியும் வீரக் கதையும்

வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மக்கள் பாடிவந்த அவரது கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்தார், 1959இல் திரைப்படமும் வெளிவந்தது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சமோ பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆங்கில ஆண்டை மறந்த மக்கள், 'தாது வருடப் பஞ்சம்' என்ற பெயரை மறக்கவில்லை. எனினும், அதைப் பாடிய கும்மிகளுக்கு வீரக் கதைகளின் பெருமை கிட்டவில்லை. புலவர் செ. இராசு தொகுத்த 'பஞ்சக் கும்மிகள்' அக்குறையை ஓரளவு நீக்குகின்றது.

இப்பாடல்களை வெறும் வரலாற்றுச் சான்றாகக் காண்போர் உளர். அது போதாது. கும்மி என்பது பெண்கள் வட்டமிட்டுக் கைகொட்டி ஆடும் மகிழ்ச்சியின் வடிவம். அச்சந்தத்தில் பசி பாடப்படும்போது, தனியொருவர் புலம்பல் ஊராரின் சாட்சியமாகின்றது. கதைப்பாடல் தலைவனை நினைவில் நிறுத்துகிறது. பஞ்சக் கும்மியோ பெயரின்றி மடிந்தோரை நினைவில் நிறுத்துகிறது.

அயர்லாந்தும் 1798இன் கிளர்ச்சியையும், 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தையும் கண்ட நாடு. அங்கே 1937-39இல் பள்ளிச் சிறுவர்களே முதியோரிடம் கேட்டு, ஊர் நினைவுகளை ஏடுகளில் எழுதிவைத்தனர். வரதராஜன்பேட்டை போன்ற நம் ஊர்களின் பள்ளிகளும் இப்பணியை மேற்கொள்ளலாம். பாட்டிமார் சொல்லும் பஞ்சக் கதைகள் அவர்களோடு மறைந்துபோகுமுன் எழுத்தில் ஏறட்டும். வீரரைப் போற்றும் நாம் பசித்தோரின் குரலுக்கும் செவிசாய்த்தல் வேண்டும்.