‘ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்’: நல்லவர்கள் வாய் திறக்காத இடம்



இந்த முறை ஒரு பழைய படத்தைப் பற்றி எழுதுகிறேன். 1947இல் வெளிவந்த அமெரிக்கப் படம். கறுப்பு வெள்ளை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. “அதை இப்ப ஏன் பார்க்கணும்?” என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் என் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பயிலரங்கு. தேநீர் இடைவேளையில் ஐந்தாறு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு காஸாப் போருக்குத் திரும்பியது. எல்லாருக்கும் மனம் கனத்திருந்தது. அப்போது எங்களில் மூத்தவர் ஒருவர், நிறையப் படித்தவர், நான் மதிக்கிறவர், சாதாரணமாகச் சொன்னார்: “பேங்க், சினிமா, பத்திரிகை எல்லாமே யூதன் கையிலதான். ஹிட்லர் சும்மாவா அப்படிச் செஞ்சான்?” இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் தலையாட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஓர் அரசு செய்வதைக் கண்டிப்பது வேறு, ஓர் இனத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது வேறு. முதலாவது அரசியல் கருத்து. அதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு. இரண்டாவது வெறுப்பு. இந்த வேறுபாட்டைத் தேர்வுத்தாளில் கேட்டிருந்தால் நாங்கள் எல்லாருமே சரியாக எழுதியிருப்போம். தேநீர் மேசையில்தான் கோட்டை விட்டோம்.

அதற்குப் பிறகுதான் இந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். லாரா ஹாப்சன் எழுதிய நாவலை எலியா கசான் படமாக்கினார். சிறந்த படம் உட்பட மூன்று ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. கதை எளிது. ஃபில் கிரீன் என்ற பத்திரிகையாளர் (கிரிகரி பெக்) நியூயார்க்குக்குக் குடிவருகிறார். யூத வெறுப்பைப் பற்றித் தொடர் எழுத வேண்டும். புள்ளிவிவரம் அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிகிறது. அதனால் தானே ஒரு யூதர் என்று சொல்லிக்கொண்டு எட்டு வாரம் வாழ்ந்து பார்க்கிறார்.

அந்த எட்டு வாரத்தில் அவரை யாரும் கல்லால் அடிக்கவில்லை. அவர் சந்திப்பதெல்லாம் படித்தவர்கள், பண்பானவர்கள். தாயைப் பார்க்க வந்த மருத்துவர், ஒரு யூத நிபுணரின் பெயரைக் கேட்டதும், சிலர் தேவையில்லாமல் பல முறை வரவைத்துக் காசு கறப்பார்கள் என்று நாசூக்காகச் சொல்கிறார். சில மருத்துவர்களா, சில யூதர்களா என்று ஃபில் திருப்பிக் கேட்கிறார். தேனிலவுக்குப் பதிவு செய்த விடுதியில், இங்கே யூதர்களுக்கு இடம் கொடுப்பீர்களா என்று நேராகக் கேட்கிறார். மேலாளர் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. சிரித்த முகத்தோடு, அறை இல்லை என்று அனுப்பிவிடுகிறார். முற்போக்கு பேசும் அதே பத்திரிகை அலுவலகத்தில், ஃபில்லின் செயலாளர் யூதப் பெயரில் விண்ணப்பித்தபோது வேலை இல்லை, பெயரை மாற்றி விண்ணப்பித்தபோது வேலை கிடைத்தது. அதைவிடக் கொடுமை, இனி யூதர்களையும் எடுப்போம் என்று ஆசிரியர் அறிவித்ததும், ‘மோசமான’ யூதர்கள் உள்ளே வந்துவிடுவார்களே என்று அந்தப் பெண்ணே கவலைப்படுகிறாள்.

படத்தின் தலைப்பே இதைத்தான் சொல்கிறது. கனவான்களுக்கு இடையிலான உடன்பாடு. தாளில் எழுதுவதில்லை, கையெழுத்து கிடையாது. வசதியானவர்கள் வாழும் ஓர் ஊரில் யூதருக்கு வீடு கொடுக்கக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இது கற்பனை இல்லை. 1922இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவர் லோவெல், யூத மாணவர்களை 15 விழுக்காட்டுக்குள் நிறுத்த வேண்டும் என்றார். வெளிப்படையான வரம்பை அங்குள்ள பேராசிரியர்கள் ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் ‘குணநலன்’ என்ற அளவுகோல் வந்தது. எண் போய்விட்டது, வேலை நடந்தது.

இனி, இந்தப் படத்தின் உயிரான பாத்திரத்துக்கு வருகிறேன். ஃபில் காதலிக்கும் கேத்தி (டோரதி மெக்வயர்). இந்தத் தொடரை எழுதலாம் என்று யோசனை சொன்னதே அவள்தான். அவ்வளவு நல்லவள். ஆனால் ஃபில் தன் திட்டத்தைச் சொன்னதும், நீங்கள் உண்மையிலேயே யூதர் இல்லையே என்று ஒரு கணம் திடுக்கிடுகிறாள். பிறகு ஃபில்லின் மகன் டாமி பள்ளித் தோழர்களிடம் ‘யூதன்’ என்று திட்டு வாங்கி அழுதுகொண்டு வரும்போது, அது உண்மை இல்லை, நீ யூதன் கிடையாது என்று அணைத்துத் தேற்றுகிறாள். ஆசிரியர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அன்பாகச் சொல்லும் ஆறுதல்தான். ஆனால் யூதனாக இருப்பது ஒரு கறை, அது உன்மேல் இல்லை என்பதுதான் பையனுக்குக் கிடைக்கும் பாடம். வகுப்பில் ஒரு பிள்ளை கேலிக்கு ஆளாகும்போது நாமும் இப்படித்தானே தேற்றுகிறோம்? “நீ ஒண்ணும் கறுப்பு இல்லம்மா!”

உச்சக்காட்சி ஓர் உணவகத்தில். கேத்தி, ஃபில்லின் யூத நண்பர் டேவிடம் (ஜான் கார்ஃபீல்ட்) மனம் விட்டுப் பேசுகிறாள். ஒரு விருந்தில் ஒருவன் யூதர்களைப் பற்றி அசிங்கமாக ஒரு நகைச்சுவை சொன்னான், எனக்கு உடம்பெல்லாம் கூசியது, அவமானமாக இருந்தது என்கிறாள். டேவ் கோபப்படவில்லை. நீ என்ன செய்தாய் என்றுதான் கேட்கிறார். கேத்தி மறுபடியும் தன் உணர்ச்சியைத்தான் சொல்கிறாள். அவர் மறுபடியும் அதையேதான் கேட்கிறார். அவள் ஒன்றும் செய்யவில்லை. மேசையில் இருந்த நல்லவர்கள் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

இந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு என் தேநீர்க் கோப்பை ஞாபகம் வந்தது. வயிற்றைப் பிசைந்தது என்று மேலே எழுதினேன் அல்லவா? அதுவும் கேத்தியின் பதில்தான். கூச்சப்படுவதையே ஒரு நற்செயலாகக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளப் படிப்பு நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

இதில் ஆசிரியர்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. 1879இல் பெர்லினில் யூதர்களைப் பழித்துக் கட்டுரை எழுதிய டிரைட்ஷ்கே தெருப் பேச்சாளர் இல்லை, புகழ்பெற்ற வரலாற்றுப் பேராசிரியர். தெருவில் கிடந்த பேச்சு அவர் வாயால் வந்ததும் மரியாதைப்பட்ட வீடுகளுக்குள் நுழைந்தது. அந்தக் கட்டுரையின் ஒரு வாசகத்தைத்தான் பின்னாளில் ‘டெர் ஷ்டூர்மர்’ என்ற நாஜி வெறுப்பு இதழ் தன் முகப்பில் முழக்கமாக அச்சிட்டது. அந்த இதழை நடத்திய யூலியஸ் ஷ்ட்ரைகர் யார் தெரியுமா? பள்ளி ஆசிரியராக இருந்தவர். பேராசிரியர் எழுதினார், வாத்தியார் பரப்பினார். படித்தவர் வாய்க்கு மதிப்பு அதிகம். படித்தவர் மௌனத்துக்கும் அப்படித்தான்.

படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. ஃபில் நிறையவே பிரசங்கம் செய்கிறார், சில இடங்களில் கொட்டாவி வருகிறது. எட்டு வாரம் முடிந்ததும் அவர் சட்டையைக் கழற்றுவது போல அடையாளத்தைக் கழற்றிவிடலாம், டேவால் முடியாது. ஆனாலும் கதை ஃபில்லின் கோபத்தைத்தான் சுற்றுகிறது. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த முகாம்களைப் பற்றிப் படம் பேசுவதாக இல்லை. அதே விடுதிகள் கறுப்பின மக்களுக்கும் கதவைச் சாத்தியதைப் பற்றியும் பெரிதாகப் பேச்சில்லை.

இன்னொரு கசப்பும் உண்டு. 1952இல் கசான், கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாடாளுமன்றக் குழுவின் முன் தன் பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னார். ஃபில்லின் தாயாக நடித்த ஆன் ரெவியர் அந்தக் குழுவிடம் வாய் திறக்க மறுத்து, பல ஆண்டுகள் பட வாய்ப்பை இழந்தார். எங்கே பேச வேண்டும், எங்கே பேசக் கூடாது என்று படம் எடுத்தவருக்கே தெரியாமல் போனது. படம் பார்த்துக் கண்கலங்குவது எளிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உயர்நிலை வகுப்புகளில் முழுப் படத்தையும் காட்ட நேரம் இருக்காது. காலை உணவின்போது டாமி யூத வெறுப்பு என்றால் என்னவென்று கேட்க, ஃபில் விளக்கும் காட்சி போதும். வழிபடும் இடம் வேறு, நாடு வேறு என்று சிறுவனுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறார். அதோடு உணவகக் காட்சியையும் காட்டுங்கள். டேவின் கேள்விக்கு முன் நிறுத்திவிட்டு, “அந்த மேசையில் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?” என்று கேளுங்கள். நல்ல கலந்துரையாடல் கிடைக்கும். கேட்கும்முன் நமக்கு ஒரு பதில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வோம்.

என் பதில் தாமதமாகத்தான் வந்தது. அடுத்த முறை அந்த மூத்தவரைச் சந்தித்தபோது, “சார், அன்னிக்கு நீங்க சொன்னது தப்பு. நான் அப்பவே சொல்லியிருக்கணும்,” என்றேன். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் யூதர் என்பதையும், அவர் ஆட்சியில் அமைந்த அனைத்துக் கட்சிக் குழுதான் 1956இல் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கையும் கல்வியில் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது என்பதையும் நினைவுபடுத்தினேன். வாட்டர்லூ ஸ்திரீட்டில் நம் கிருஷ்ணன் கோயில் இருக்கும் அதே தெருவில்தான் 1878 முதல் அவர்களுடைய தொழுகைக்கூடமும் இருக்கிறது என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது வேற விஷயம்,” என்றார். பிறகு, “மார்ஷல் யூதர்னு தெரியும். யோசிச்சதில்ல,” என்றார். அவ்வளவுதான். அவர் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். நட்பும் முறியவில்லை. அன்று சிரித்த இருவரிடமும் தலையாட்டியவரிடமும் நான் இன்னும் பேசவில்லை. அது பாக்கி இருக்கிறது.