ஏற்பும் மாற்றமும்: நாச்சியார் திருமொழியும் ஆற்றுப்படுத்தும் பணியும்

ஆண்டாள் அருளிய இரு நூல்களுள் 30 பாசுரங்கள் கொண்ட திருப்பாவையை மார்கழியில் நாடே பாடுகின்றது. 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியோ, திருமணக் கனாப் பகுதி நீங்கலாக, அத்துணைப் பரவலாக ஓதப்படுவதில்லை. 2018 சனவரியில் கவிஞர் வைரமுத்து இராசபாளையத்தில் ஆண்டாளைக் குறித்து ஆற்றிய உரையும், அதனைத் தொடர்ந்து அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரில் எழுந்த எதிர்ப்பும் நாம் அறிந்தவை. அவ்விவாதத்தில் ஆண்டாள் யார் என்னும் வினாவே முன்னின்றது. அப்பாடல்களில் புலம்பும் உள்ளம் கேட்போரிடம் எதனை வேண்டுகின்றது என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஆயர் பணிக்கு உரியது இந்த இரண்டாம் வினாவே.

பாடலின் சான்று

நாச்சியார் திருமொழி 14 திருமொழிகளாக அமைந்தது. காமனை நோக்கிய வேண்டுதலில் தொடங்கி, குயிலையும் மேகத்தையும் தூது வேண்டி, பதின்மூன்றாம் திருமொழியில் தன் உடலையே சிதைத்து எறிய விழையும் எல்லையைத் தொடுகின்றது. ஆண்டாளை நோயாளி எனக் கொள்வது நம் கருத்தன்று. அகத்திணை மரபில் நின்று இறைவேட்கையைப் பாடிய நூலை மருத்துவக் குறிப்பாகப் படிப்பது, நூலுக்கும் அதனைப் போற்றும் வைணவ அன்பர்க்கும் இழைக்கும் அநீதியாகும். எனினும் கொந்தளிக்கும் உள்ளம் எவ்வாறு பேசும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழில் அரிது.

பன்னிரண்டாம் திருமொழி நம் கவனத்துக்குரியது. அங்குத் தலைவி தன் சுற்றத்தாரை நோக்கிப் பேசுகின்றாள். தன் நிலையை அறியாதோர் கூறும் அறிவுரை, பேச இயலாதவரும் கேட்க இயலாதவரும் நடத்தும் உரையாடலை ஒக்கும் என்கின்றாள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாது உடனிருந்தபோது ஆறுதலாயிருந்தனர். விளக்கம் கூறத் தொடங்கியபோது பாரமாயினர். திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்தோர் இத்திருமொழியை நீக்கவில்லை. திருமறையைத் தொகுத்தோரும் இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதத்தை நீக்கவில்லை. ஆனால் நம் வழிபாடுகளில் அச்சங்கீதம் அரிதாகவே கேட்கப்படுகின்றது.

லினெகன் வகுத்த முறை

அமெரிக்க உளவியலறிஞர் மார்ஷா லினெகன், தம்மைத் தாமே வருத்திக்கொள்வோருக்கும் தற்கொலை எண்ணம் மீண்டும் மீண்டும் எழுவோருக்கும் வகுத்த முறை 'டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி' எனப்படும். இதனை இயங்கியல் நடத்தைச் சிகிச்சை எனலாம். இதன் முதற் சோதனை முடிவுகள் 1991இலும், விரிவான நூல் 1993இலும் வெளிவந்தன. இளமையில் தாமே இத்துயருற்று மருத்துவமனையில் இருந்ததை அவர் 2011இல் வெளிப்படையாக அறிவித்தார். 2020இல் தம் வரலாற்றையும் எழுதினார்.

சிலர் இயல்பிலேயே உணர்ச்சி மிகுந்தவராய்ப் பிறக்கின்றனர். அவர்தம் வேதனையைச் சுற்றியுள்ளோர் பொய்யென்றும் மிகையென்றும் தொடர்ந்து தள்ளும்போது கொந்தளிப்பு கட்டுக்கடங்காததாகின்றது என்பது லினெகனின் கருத்து. மாற்றத்தை மட்டும் வற்புறுத்தினால் துயருற்றோர் தாம் தள்ளப்பட்டதாக உணர்கின்றனர். ஏற்பை மட்டும் அளித்தால் துயர் அப்படியே நீடிக்கின்றது. ஆகவே இரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொள்வதே இம்முறையின் உயிர்நாடி. விழிப்புடனிருத்தல், துன்பத்தைத் தாங்குதல், உணர்ச்சியை நெறிப்படுத்துதல், பிறருடன் செவ்வனே பழகுதல் ஆகிய நான்கு திறன்கள் குழுவாகக் கற்பிக்கப்படுகின்றன. தனி உரையாடலும், நெருக்கடியில் தொலைபேசி உதவியும் உடன் உண்டு.

மதிப்பீடு

ஒரே வேளையில் நீதிமானும் பாவியும் என்ற லுத்தரின் கோட்பாட்டையும், இறைவனின் 'இல்லை'யையும் 'ஆம்'மையும் ஒருங்கே கேட்கச் செய்த கார்ல் பார்த்தின் இறையியலையும் பயின்ற நமக்கு இம்முறை அந்நியமன்று. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. சிகிச்சையில் ஏற்பு சிகிச்சையாளரிடமிருந்து வருகின்றது. நற்செய்தியில் அது கிருபையாக வருகின்றது. இவ்வேறுபாட்டை மறைத்தல் இரண்டுக்கும் நன்மையன்று.

இம்முறைக்கு வரம்புகளும் உள. முதலாவது, திறன் கற்கும் பொறுப்பு துயருற்றவர் தோளிலேயே பெரிதும் விழுகின்றது. சாதி இழிவாலோ கணவனின் வன்முறையாலோ கொந்தளிக்கும் பெண்ணிடம் ஏற்பைப் பேசும்போது, அது அநீதிக்கு அடங்குதல் என்று பொருள்படாதிருக்க வேண்டும். லினெகன் கூறும் ஏற்பு, உள்ளதை உள்ளபடி காண்பதேயன்றி அதற்கு இசைதலன்று. இரண்டாவது, முழுமையான வடிவில் இது பயிற்சி பெற்றோர் பலரையும் நீண்ட காலத்தையும் வேண்டுவது. இராசபாளையத்து நூற்பாலையில் இரவுப்பணி முடித்து வருபவர்க்கு எளிதில் எட்டுவதன்று. மூன்றாவது, விழிப்புப் பயிற்சி ஜென் பௌத்தத்தினின்று பெறப்பட்டது என்பதால் சிலர் தயங்குவர். லினெகன் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்ந்தவர். துறவியும் ஜென் ஆசிரியருமான வில்லிகிஸ் யேகரிடம் பயின்றவர். கனியினால் மரத்தை அறியும் அளவுகோலே இங்கு நமக்குப் போதுமானது.

திருச்சபையின் கடமை

தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவர் என்றே 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கொள்கின்றது. நம் பிரசங்க பீடங்களிலோ 'விசுவாசக் குறைவு' என்னும் தீர்ப்பு இன்னும் ஒலிக்கின்றது. சட்டம் காட்டும் இரக்கத்தைத் திருச்சபை காட்டாதிருப்பது தகாது.

ஆயர் சிகிச்சையாளர் அல்லர். ஆயினும் முதலில் கதவு தட்டப்படுவது பெரும்பாலும் ஆயர் மனையிலேயே. அங்கு அவர் கூறும் முதற்சொல் வேதனை மெய்யென ஏற்பதாக இருக்கட்டும். ஜெபமும் அறிவுரையும் அதன்பின் வரட்டும். உயிருக்கு ஆபத்து உண்டெனக் கண்டால் தாமதமின்றி மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். 2022இல் தொடங்கப்பெற்ற அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

இறுதியாக ஒன்று. லினெகனின் முறையில் சிகிச்சையாளர்களும் வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் தாங்குகின்றனர். நம் ஆயர்களோ இப்பாரத்தைத் தனியே சுமக்கின்றனர். வட்டார அளவில் ஆயர்கள் கூடி, அந்தரங்கம் காத்து, தம் சுமைகளைப் பகிரும் ஏற்பாடு வேண்டும். பிறர் புலம்பலைச் செவிமடுக்க வேண்டியவர்க்கும் செவிமடுப்போர் தேவை.