கவாத்துக் கத்தரி

மல்லிகைக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரத்தில். தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுவார்கள். அதற்கு முன் கத்தரியைத் தீட்டி வைப்பதில் எனக்குத் தனி ஆசை உண்டு.

அலகில் செடிச்சாறு காய்ந்து கறுப்பாய் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் தேய்த்தால் கரைந்து வரும். பிறகு சாணைக்கல். சரிவான பக்கத்தை மட்டும், இருக்கும் சாய்வு மாறாமல், அடியிலிருந்து நுனிவரை ஒரே திசையில் தீட்ட வேண்டும். மறுபக்கம் விரலால் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். கல்லைப் படுக்கவைத்து லேசாக ஓர் இழுப்பு, போதும். அந்தப் பக்கத்தையும் சரித்துத் தீட்டிவிட்டால் அலகுகளுக்கு நடுவே சந்து விழும்; கத்தரி தண்டை நசுக்கும், காயம் ஆறாது, நோய் புகும்.

திருகாணியில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். நோய்கண்ட செடியை வெட்டினால், அடுத்த செடியைத் தொடுமுன் அலகை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.