ஆலோசகரை யார் கவனிக்கிறார்கள்?

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு முற்றியிருந்த 495 பேரிடம் ‘சங்கத்’ என்ற மனநலத் தொண்டு அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பேருக்கு அதோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் வரை ஆலோசனையும் கிடைத்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 39 சதவீதம் பேரும் ஆலோசனை பெற்ற பிரிவில் 64 சதவீதம் பேரும் மீண்டிருந்தார்கள். 2017இல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது. ஆலோசனை தந்தவர்கள் உளவியல் படித்தவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள்.

அவர்கள் செய்தது என்ன? மனச்சோர்வு வந்தவர் ஒவ்வொன்றாகக் கைவிடுகிறார். கோயிலுக்குப் போவது நிற்கும், பக்கத்து வீட்டாரோடு பேசுவது நிற்கும், பிடித்ததைச் சமைப்பதும் நிற்கும். கைவிடக் கைவிட மனதுக்கு இதம் தரும் வழிகள் அடைபட்டு, சோர்வு இன்னும் கூடும். ஆலோசகர் இந்தச் சுழலை அவருக்கே புலப்படச் செய்து, செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியத்தை இருவருமாகத் தேர்ந்தெடுக்கிறார். அடுத்த வாரம் அது நடந்ததா என்று கேட்கிறார். நடக்கவில்லை என்றால் எது தடுத்தது என்று தேடுகிறார். திட்டுவதில்லை, ‘மனசைத் தேத்திக்கோ’ என்று சொல்லி அனுப்புவதும் இல்லை. வந்தவரை எடைபோடாமல் ஏற்பதும், அவர் நிலையில் நின்று உணர்வதும், போலித்தனம் இல்லாதிருப்பதும் சிகிச்சையாளருக்கு அடிப்படை என்று 1957இலேயே உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் எழுதினார். கோவாவில் அந்தப் பண்புகளோடு தெளிவான ஒரு செயல்முறையும் சேர்ந்தது. பலன் அந்தச் சேர்க்கையால் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

பரவலாகக் காணப்படும் மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்று 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொன்னது. அப்படியிருக்க, கோவா முடிவு பெரிய நம்பிக்கை. ஆனால் அதைப் பாதியாக வாசிக்கிறவர்களைப் பார்த்தால் கவலை வருகிறது. அங்கே அமர்வுகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. ஆலோசகர்கள் கூடி அவற்றைக் கேட்டு, ஒருவரையொருவர் மதிப்பிட்டுத் திருத்தினார்கள், நிபுணர்களும் உடனிருந்தார்கள். அந்த மேற்பார்வையை எடுத்துவிட்டுக் குறுகிய காலச் சான்றிதழை மட்டும் கையில் கொடுத்தால், மிஞ்சுவது வேறு ஏதோ ஒன்று.

நம்மிடம் பெருகுவது அதுதான். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘கவுன்சிலர்’ என்று பலகை மாட்டுகிறவரை நடைமுறையில் யாரும் கேட்பதில்லை. துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம் இவர்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவர வழி செய்திருக்கிறது. அது நடைமுறையில் உறுதியாகும்வரை காப்பு இல்லை. பள்ளியில் பாடம் நடத்துகிற ஆசிரியரே ஆலோசகராகவும் அமர்த்தப்பட்டால், மதிப்பெண் போடுகிறவரிடம் பிள்ளை எதைத்தான் மனம்விட்டுச் சொல்லும்? சொன்னது தலைமையாசிரியர் காதுக்குப் போகாது என்ற உறுதி இல்லாத அறையில் ஆலோசனை நடக்காது.

இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. கணவனிடம் அடி வாங்கி வருகிற பெண்ணிடம் ‘நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்று சொல்லி அனுப்புவது குடும்ப ஆலோசனை என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. கந்துவட்டி, சாதி இழிவு, வேலையிடத்துத் துன்புறுத்தல் ஆகிய எல்லாவற்றையும் மனதின் பலவீனமாக மாற்றிவிடும் ஆபத்து இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல சிகிச்சையாளர் அடி வாங்கி வந்த அந்தப் பெண்ணின் பாதுகாப்பை முதலில் விசாரிப்பார். சட்ட உதவிக்கு வழி காட்டுவார். தன்னால் முடியாத இடத்தில் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். கோவாவிலும் ஆலோசனை பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த மூன்று மாதத்தில் மீளவில்லை என்பதை மறக்கக் கூடாது.

அரசு இன்னும் ஆயிரம் ஆலோசகர்களை நியமிப்பதானால், அவர்களை மேற்பார்வையிடும் ஏற்பாட்டை முதலில் செய்யட்டும். ஆலோசனைக்குப் போகிறவர்களும் தயங்காமல் கேளுங்கள்: எங்கே பயிற்சி பெற்றீர்கள், உங்கள் வேலையை யார் பார்க்கிறார்கள், நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் மறுமுறை போக வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். அரசின் டெலி-மானஸ் எண் 14416க்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம்.