பூச்சிக்குப் பின்னால் இருட்டு

மலேசியாவின் தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரவியல் பூங்காவிலும் கொடிமலைப் பாதைகளிலும் மேக்ரோ லென்ஸும் ஃபிளாஷுமாகப் பூச்சி தேடுகிறவர்களின் பொறுமை பெரிது. ஆனால் அவர்கள் கொண்டுவரும் படங்கள் பலவற்றில் காடே இல்லை.

கருவியின் இயல்பு அப்படி. பூச்சி தன் அசல் அளவிலேயே சென்சாரில் விழும்படி நெருங்கினால், எஃப்/16 துவாரத்தில்கூட ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் ஆழம்தான் துல்லியமாக வரும். அவ்வளவு சுருக்கிய துவாரத்துக்கு மழைக்காட்டு வெளிச்சம் போதாது, ஃபிளாஷ் வேண்டும். குறைந்த திறனில் அது கண்ணிமைப்பதற்குள் மின்னி மறைவதால் கைநடுக்கம் படத்தில் ஏறுவதில்லை. கூட்டுக்கண்ணின் அறைகள், காலின் மயிர் எல்லாம் தெரிகின்றன. அதே ஒளி தொலைவு கூடக்கூட விரைந்து மங்குவதால், இரண்டடி தள்ளி நிற்கும் செடி கரிய திரையாகிவிடுகிறது.

துல்லியத்தின் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2011இல் சிலாங்கூர் காட்டில் குவெக் ஹாக் பிங் எடுத்த கண்ணாடி இறக்கைப் பூச்சியின் படத்தை ஃபிளிக்கரில் கண்ட கலிபோர்னியப் பூச்சியியலர் ஷான் விண்டர்டன், இறக்கையடியின் கருங்கோலத்தைப் பார்த்துத் திகைத்தார். அவர் அறிந்த எந்த இனத்திலும் அது இல்லை. ஆனாலும் படம் மட்டும் போதவில்லை. குவெக் அதே இடத்தில் மீண்டும் ஒன்றைப் பிடித்தார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்டீபன் புரூக்ஸ் ஆராய்ந்தார். 2012இல் மூவர் பெயரிலும் ‘செமக்ரைசா ஜேட்’ அறிவியலுக்கு அறிமுகமானது. படமெடுத்தவருக்கு இடம் தெரிந்திருந்ததே இதில் பாதி வேலை.

நான் பொறுக்காதது ஒன்று: பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மயக்கி, அழகான பூவில் உட்காரவைத்து எடுப்பது. இது வதை, பொய்யும்கூட. ஆர்க்கிட் கும்பிடுபூச்சியை ஆர்க்கிட் மலரில் வைத்த படங்களைப் பார்ப்பவர், அது பூவுக்குள் ஒளிந்து வாழ்வதாகவே நம்புவார். மலேசியாவில் நடந்து 2014இல் வெளியான ஜேம்ஸ் ஓ’ஹன்லனின் ஆய்வு, இளம் கும்பிடுபூச்சி தானே பூப்போலத் தோன்றித் தேனீக்களை இழுப்பதைக் காட்டியது. அதற்கு அருகில் பூவே தேவையில்லை.

ஃபிளாஷை விடச் சொல்லவில்லை. ஐஎஸ்ஓவை உயர்த்தி, ஷட்டரை 1/60 நொடிக்கு இறக்கினால் பின்னணியின் பச்சை மீளும். பூச்சியின் விளிம்பு கொஞ்சம் கலங்கலாம், அதை ஏற்கலாம். அதற்கும் மனமில்லையென்றால், நகருமுன் ஓரடி பின்வாங்கி, ஃபிளாஷ் இல்லாமல் அந்தச் செடியை இன்னொரு படம் எடுத்து, இடத்தையும் நாளையும் சேர்த்து வைக்கலாம்.